சாமிநாதனுக்காக நான் சொல்லாத சாட்சி

நான் விழிதியூர்க்காரன். காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்களில் கடைத்தெருவில் ஒரு பிராந்திக் கடையில் கவுண்டரில் நின்றேன். எல்லைக்கு அந்தப் பக்கம், நாகூர், நாகப்பட்டினம் எல்லாம் மதுவிலக்கு. அதனால் எங்கள் தெருவில் பகலிலேயே கூட்டம் நெரியும். கிராமபோன் அலறும். மதியத்துக்குள் பாட்டும் சண்டையும் முடிந்து, வாடை போகும்வரை மரத்தடியில் படுத்திருந்துவிட்டு ஊர் திரும்புவார்கள்.

சேர்ந்த அன்றே முதலாளி சொன்னார்: "ஊத்திக் குடு. ஊர்க் கதை கேக்காத."

எனக்கு அது வரவில்லை. கேட்பேன், யோசனையும் சொல்வேன்.

ஒரு வைகாசியில், காலை பத்து மணி இருக்கும், சாமிநாதன் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், திருமருகல் பக்கத்துத் தச்சர். ஐம்பது வயது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு பிராந்திக் கடைக்குள் வந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தம்பி, நாளன்னிக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி ஒரு பிரெஞ்சு பாட்டில் கேக்குறார். எது நல்லதுன்னு நீயே பாத்துக் குடு. நான் இதைத் தொட்டதில்லப்பா."

எடுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். "பூக்கூடைக்குள்ள வச்சுக்குங்கய்யா. எல்லையில போலீஸ்காரங்க கல்யாணச் சாமானைக் கிளற மாட்டாங்க" என்றேன். அவர் மல்லிகை வாங்கி வந்து என் கண்முன்னாலேயே பாட்டிலைப் பூவுக்குள் வைத்து மூடினார்.

வாஞ்சூர் எல்லையில் கிளறிவிட்டார்கள்.

மறுநாள் அவருடைய மைத்துனர் ஓடிவந்தார். "அத்தானை ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. பாட்டில் கேட்ட சம்பந்தியே இப்ப கேக்கலைங்கிறார். குடிகாரன் வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு நிக்கிறாங்க. நீங்க வந்து, அவர் குடிக்கிறவர் இல்ல, இன்னாருக்காகத்தான் வாங்கினார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களை விட்டா சாட்சி கிடையாது."

முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அந்தப் பக்கம் கால வச்சேன்னா, வித்தவன்னு உன்னையும் உள்ள தள்ளுவான். திரும்பி வந்தா இங்க வேலையும் இருக்காது."

நான் துணியை எடுத்து கிளாஸ்களைத் துடைக்க ஆரம்பித்தேன். மைத்துனர் சற்று நேரம் நின்று என் கையையே பார்த்தார். பிறகு போய்விட்டார்.

கல்யாணம் நின்றது. பந்தல் பிரித்த கதையை அந்த ஊர்க்காரர்களே எங்கள் கடையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டு பேசினார்கள். 'அந்தக் குடிகாரத் தச்சன்' என்றார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி மழையில் சாமிநாதன் மறுபடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எனக்கு ஊத்துப்பா."

"வேணாங்கய்யா."

"அன்னிக்கு வந்து சொல்லியிருந்தீன்னா வேணாம். இப்ப ஊரே பேர் வச்சாச்சு. ஊத்து."

"பொண்ணு எப்படி இருக்குங்க?"

"இருக்கு. வாசப்பக்கம் வர்றதில்ல."

ஊற்றினேன். முதல் வாய்க்கே புரையேறி, கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதன்பின் வாரம் ஒருமுறை வந்தார். தை பிறப்பதற்குள் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவருக்காக நீங்கள் உண்மை சொல்லவேண்டி வந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நான் வேலை போய்விடுமே என்று பயந்து நின்றேன். அடுத்த வருடமே நெடுங்காட்டில் ஒரு ரைஸ் மில்லில் எனக்கு வேறு வேலை கிடைத்தது, அந்தக் கடை வேலையைவிட நல்ல வேலை.