சேதி விஷயமா வந்த பெண்

“ஏண்டி, உனக்குப் படிக்கிறதுக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலையா? அடுத்த வீட்டு வம்பெல்லாம் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே?” என்று என் பேத்தியைத் திட்டிவிட்டுத்தான் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பத்திரிகைப் படிப்பு படிக்கிறாளாம். அந்தக் காலத்தில் உங்கள் வீட்டுக்குச் செய்தி எப்படி வரும் என்று கேட்கிறாள். இதே கேள்வியை ஒருத்தி கேட்கப் போய் எங்கள் தெருவே ஒப்பாரி வைத்தது. அது தெரியாமல் இவளும் கேட்கிறாள். கேட்டதற்குத் தண்டனையாக முழுவதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் அப்போது ஸ்ரீரங்கத்தில், மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே ஒரு சந்தில் குடியிருந்தோம். இன்றைக்கு அண்ணாந்து பார்க்கிறீர்களே, அந்தக் கோபுரத்துக்கு அன்றைக்குத் தலை கிடையாது. என் வீட்டுக்காரருக்கு மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பகலெல்லாம் அடுத்தவன் பெண்டாட்டிக்குப் புடவை விரித்துக் காட்டுவார். வீட்டுக்கு வந்தபின் நான் என்ன நிறத்தில் கட்டியிருக்கிறேன் என்று கேட்டால் முழிப்பார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

எதிர் வீட்டில் ஒரு அத்தை. சொந்த அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. வையம்பட்டிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருஷன் இல்லை. ஒரே மகன், மிலிட்டரியில் இருந்தான். வடக்கே எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. அத்தை ஒருத்தருக்குக் கதவைத் திறந்தால் சந்தில் எல்லாக் கதவும் திறக்கும். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த ஆளோடு நாய்கூடப் பேசாது.

அப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு நாள் நல்ல வெயிலில் ஒரு பெண் வந்து நின்றாள். சின்னப் பெண். வெளுத்த கதர்ப் புடவை, தோளில் பை, கையில் குடை. நான் என் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் தட்டினாள். அத்தை வந்து திறந்ததும் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

“அம்மா, சேதி விஷயமா வந்திருக்கேன். உள்ள வரலாமா?”

எங்கள் பக்கத்தில் கடுதாசி வரும், தகவல் வரும், சமாசாரம் வரும். சேதி வந்தது என்றால் மட்டும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மகனை மிலிட்டரிக்கு அனுப்பியிருக்கும் வீட்டு வாசலில், வெள்ளைப் புடவையும் தோள்பையுமாக முன்பின் தெரியாத ஒருத்தி வந்து நின்று சேதி என்றால் எப்படி இருக்கும்?

“ஐயோ, என் ராசா!” என்று அத்தை அலறினார். அப்படியே தரையில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டார். நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சந்து முழுக்க ஓடிவந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம். எப்படிப் போனான், எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் அழுதுவிட வேண்டும், விவரம் அப்புறம். கோடி வீட்டுக்காரி மட்டும் அழுகைக்கு நடுவே மூக்கைச் சிந்திவிட்டு அந்தப் பெண்ணிடம், “உடம்பு ரயில்ல வருதா, லாரில வருதாம்மா?” என்று விசாரித்தாள்.

“எந்த உடம்புங்க?”

“எங்க தம்பி உடம்புதாம்மா.”

“ஐயய்யோ! நான் பேப்பர் பத்திக் கேக்க வந்தேங்க! பேப்பர், ரேடியோ… உங்களுக்கெல்லாம் செய்தி எப்படி வருதுன்னு ஆராய்ச்சி பண்றேங்க. காலேஜ் ஆராய்ச்சி!”

அழுகை வெட்டினாற்போல் நின்றது. அத்தை எழுந்தார். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தார்.

“ஆராய்ச்சியா? பெத்த வயித்துல நெருப்பைக் கொட்டிட்டு ஆராய்ச்சியா? போடி அந்தாண்ட!”

ஒரு வாளித் தண்ணீரை அவள் நின்ற இடத்தில் ஊற்றிக் கழுவிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதைத் தொடர்ந்து சந்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் சாத்தவில்லை. என் அரிசி வாசலில் கிடந்ததே! அவள் குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் வெயிலில் நின்று தேம்பினாள். உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன்.

“குடிம்மா. குடிச்சிட்டு எங்க வீட்டுல யாரைச் சாகடிக்கப் போறேன்னு சொல்லு. எங்க வீட்டுக்காரரைன்னா சாயங்காலமா வா. இப்ப கடையில இருக்காரு.”

அழுகையோடு சிரிப்பும் வந்து அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். அதன்பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

மெட்ராஸில் படிக்கிறவள். உறையூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். ஜனங்களுக்கு ஊர் உலக நடப்பு எப்படித் தெரிகிறது, பேப்பர் என்ன செய்கிறது, புதிதாக வந்திருக்கும் டிரான்சிஸ்டர் என்ன செய்கிறது என்று பெரிதாக எழுதிக் கொடுத்தால் பட்டம் கிடைக்குமாம். அவளுடைய பேராசிரியர், “பொம்பளைங்களுக்கு ஏதும்மா செய்தி? படிப்பகத்துல பேப்பர் படிக்கிற ஆம்பளைங்களைக் கேட்டு எழுது, போதும்” என்றாராம். இவள் மல்லுக்கட்டி ஒரே ஒரு தெருவுக்கு அனுமதி வாங்கியிருந்தாள். அந்தத் தெருப் பெண்கள் பேசினால் பெண்களும் அவள் ஆராய்ச்சியில் இருப்பார்கள். பேசாவிட்டால் பெண்கள் பகுதியையே எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை அவள் மெட்ராஸுக்கு ரயில் ஏறியாக வேண்டும்.

“செய்தின்னு புத்தகத்துல இருக்கிற மாதிரி கேட்டா உங்களுக்கெல்லாம் அந்நியமா இருக்குமேன்னுதான் அக்கா, சேதின்னு மாத்திக்கிட்டேன்” என்றாள்.

“நல்லா மாத்தினே போ! எங்க தெருவையே குளிக்க வச்சிட்டே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள். “நீங்க பேப்பர் படிப்பீங்களாக்கா?”

“படிப்பேனே. பருப்பு வாங்குற அன்னிக்குப் படிப்பேன்.”

புரியாமல் பார்த்தாள். அடுப்பங்கரையில் நான் நீவி மடித்து வைத்திருந்த பொட்டலத் தாள்களைக் காட்டினேன். மளிகைக் கடையில் அப்போது எல்லாவற்றையும் பழைய பேப்பரில்தான் மடித்துக் கொடுப்பார்கள். துவரம்பருப்பைக் கொட்டினால் ஒரு மந்திரி பாலம் திறந்துகொண்டிருப்பார். மிளகாயைக் கொட்டினால் அவர் பதவியே போயிருக்கும். முந்தியது பிந்தி வரும், பிந்தியது முந்தி வரும். நானே வரிசைப்படுத்திக்கொள்வேன்.

“ஒரு தடவை கடுகுப் பொட்டலத்துல, ‘கோபம் கொண்ட மனைவி கணவரை’ன்னு இருக்கு. அதோட கிழிச்சிட்டான் படுபாவி. கணவரை என்ன பண்ணினாள்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரலை. மீதித் தாள் வரும் வரும்னு கடுகா வாங்கினேன்.”

“வந்துச்சா?”

“எங்கேருந்து வரும்? வீடெல்லாம் கடுகாச்சு. அந்தத் தாளை எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டாரு. அன்னையிலேருந்து நான் வைக்கிற குழம்பை என்னை முதல்ல சாப்பிடச் சொல்லிட்டுத்தான் அவர் சாப்பிடுவாரு.”

விழுந்து விழுந்து சிரித்தாள். எழுதியும் கொண்டாள். ஆனால் போகும்போது முகம் வாடிவிட்டது. “ஒரு வீடு எப்படிக்கா ஒரு தெரு ஆகும்?” என்றாள்.

மறுநாள் காலை குழாயடியில் அத்தை குடத்தோடு நின்றார், முகம் உம்மென்று இருந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி அத்தை காதில் விழும்படி சொன்னேன்:

“உசுரோட இருக்கிறவனுக்குத் தப்பா சேதி வந்துட்டா ஆயுசு கூடும்னு எங்க அப்பாயி சொல்லும். அத்தை மவனுக்கு நேத்தே கூடியிருக்கும், இல்ல?”

இது நானாகக் கட்டிவிட்டது இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவதுதான். செத்ததாகப் புரளி கிளம்பி, பிறகு பொய் என்று தெரிந்தால் அந்த ஆளுக்கு ஆயுசு கெட்டி. பெற்றவளே அழுதிருந்தால் கேட்கவே வேண்டாம். முந்தின நாள் ஆத்திரத்தில் ஒருத்திக்கும் அது நினைவில்லை.

அத்தை குடத்தைக் கீழே வைத்தார். “நான் நல்லா அழுதேன்ல?”

“கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்துருச்சு அத்தை.”

“அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிடுச்சா?”

“உறையூர்லதான் இருக்கு.”

“வரச் சொல்லு.”

கோடி வீட்டுக்காரி குறுக்கே பாய்ந்தாள். “அப்படியே எங்க வீட்டுக்கும் வரச் சொல்லுக்கா. அவருக்கு அடிக்கடி நெஞ்சைப் பிடிக்குது.”

“உன் மாமியாருக்கும் சேர்த்துச் சொல்லச் சொல்லவா?”

“அடிப்பாவி! அது ஏற்கெனவே கெட்டிதான், அதை விடு!”

அன்றைக்கே ஆள் அனுப்பி அவளை வரவழைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் பயந்துவிட்டாள். “ஐயோ, பொய்ச் செய்தி சொல்ல மாட்டேன் அக்கா. நான் படிக்கிற படிப்புக்கே அது விரோதம்.”

“உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா? நேத்து சொன்னதையே சொல்லு. சேதி விஷயமாத்தானே வந்திருக்கே?”

வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அதில் பொய் எதுவும் இல்லை.

அப்படியே வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். ஒவ்வொருத்தியும் திருப்தியாக ஒரு பாட்டம் அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்துப் பதில் சொன்னாள். பூக்காரி வந்தால்தான் தனக்கு ஊர் நடப்பு தெரியும் என்றாள் ஒருத்தி. “அவர் பேப்பர் படிச்சிட்டு முதல் தோசையிலேயே குத்தம் சொன்னா, அரிசி விலை ஏறிடுச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்” என்றாள் கோடி வீட்டுக்காரி. அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதினாள்.

கடைசியில் அத்தை வீடு. நானும் கூடப் போனேன். அத்தை அழவில்லை. முதல் நாள் அழுததே போதும் என்று சொல்லிவிட்டுப் பாய் விரித்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. பொழுது சாய்ஞ்சா பார்க்குல ரேடியோ போடுவாங்க. உள்ள எல்லாம் ஆம்பளைங்களா இருப்பாங்க. நான் வெளியில கம்பி ஓரமா, காய்க்காரிகிட்ட பேரம் பேசுற மாதிரி நிப்பேன். அந்த ஆளு பேசறதுல பாதி புரியாது. எனக்கு எதுக்குப் புரியணும்? எம் மவன் பேரைச் சொல்றானான்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருப்பேன். சொல்லாம முடிச்சிட்டான்னா வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன்.”

பேனா நின்றுவிட்டது.

“சொல்லலைன்னா நல்லாருக்கான்னுதானே அர்த்தம்?” என்று அத்தை அவள் கையைப் பிடித்தார். “நீ படிச்ச பொண்ணு. சொல்லு.”

ரேடியோவில் ஒவ்வொரு சிப்பாயின் பேரையும் வாசிக்கமாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தேன்.

“நீங்க ஒரு நாளும் சாப்பிடாம மட்டும் இருந்துடாதீங்கம்மா” என்றாள்.

அத்தை அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவளும் போய் அத்தையோடு கம்பி ஓரத்தில் நின்றாள். ரேடியோ முடிகிற வரைக்கும் ஒன்றும் எழுதவில்லை, கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை ரயில் ஏறிவிட்டாள். சண்டை ஓய்ந்து அத்தை மகன் நல்லபடியாக லீவில் வந்தான். அதற்கும் எவ்வளவோ பின்னால் ஒரு நாள், கையில் பூந்திப் பொட்டலத்தோடு அவள் மறுபடி வந்தாள். பேராசிரியர் பெண்கள் பகுதியை வெட்டிவிடலாம் என்று சிவப்புப் பென்சிலோடுதான் உட்கார்ந்தாராம். கடுகுக் கதையை அடித்துவிட்டாராம். பார்க் கம்பிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாராம். அப்புறம், “இந்தப் பகுதி இருக்கட்டும்மா” என்றாராம்.

“கடுகை ஏன் அடிச்சாரு? அந்தாளு வீட்டுல தாளிக்கிறதே இல்லையா?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். எங்கள் பேரெல்லாம் அதில் இருக்கிறதா என்று கேட்டேன். பேர் போடக்கூடாது, அதுதான் முறை என்றாள். “இங்கிலீஷ்ல ஹவுஸ் ஒய்ஃப்னு போட்டிருக்கேன்க்கா. தமிழ்ல சொன்னா இல்லத்தரசி.”

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால் சந்தே என் வாசலில் நின்றது. பூந்தி ஒரு பக்கம் காலியாகிக்கொண்டிருந்தது. “நம்மளைப் பத்தி என்னடி எழுதியிருக்கா?” என்று பிடுங்கி எடுத்தார்கள். நான் நிதானமாகச் சொன்னேன்:

“இந்தச் சந்துல இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் அரசிங்கன்னு இங்கிலீஷ்ல எழுதி மெட்ராஸ்ல கொடுத்துட்டா. அதுக்குத்தான் அவளுக்குப் பட்டம். இனிமே எவளாவது தலையைப் பிடிச்சுச் சண்டை போட்டீங்கன்னா, மெட்ராஸ்லேருந்து ஆள் வந்து பட்டத்தைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்களாம். அந்தப் புள்ளைக்காகவாவது கொஞ்சம் மரியாதையா இருங்க. அந்தப் பூந்தியை இப்படிக் குடு.”