மேலிருந்து எண்ணிய குழாய்கள்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்களிடம், குழாய்க்கு ஸ்கேன் எடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். கல்யாண வீடுகளில் அதற்கு மேல் சொன்னால் யாருக்கும் காது கேட்பதில்லை. ஸ்கேன் என்றதும் ஆஸ்பத்திரி வேலை என்று நினைத்துக்கொண்டு, முட்டிவலிக்கு மாத்திரை கேட்டவர்கள் உண்டு.

உண்மையில் வேலை சுலபமானது. விரல் நீளத்தில் ஒரு முனை. அதற்குள் செம்புக் கம்பிச் சுருள். நீளமான கேபிளைப் பிடித்து அதைக் குழாயின் கடைசி வரை விட்டு, பிறகு ஒரே சீராக வெளியே இழுக்க வேண்டும். சுருளில் மின்சாரம் ஓடும்போது குழாயின் சுவரிலும் சின்னச் சின்ன மின்சுழல்கள் உண்டாகும். சுவர் ஒழுங்காக இருந்தால் லேப்டாப்பில் இருக்கும் புள்ளி பேசாமல் கிடக்கும். எங்காவது அரித்திருந்தால் அது துள்ளி, லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் வண்டியில் போடுவது போல ஒரு எட்டு போடும். அந்த எட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு ஆழம் அரித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத குழாயை, இது அடுத்த சீசன் தாங்காது என்று நான் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். மறைப்பதற்கில்லை.

சில வருடங்களுக்கு முன் காரிமங்கலம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை வந்தது. மே மாதம் காய் வரத் தொடங்கிவிட்டால் ஆலை நிற்காது. அதனால் பங்குனியிலேயே எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். அங்கே கூழைச் சுண்டவைக்கும் எந்திரம் ஒன்று இருந்தது. மூன்று மாடி உயர உருளை. அதற்குள் நானூற்றுச் சொச்சம் ஸ்டீல் குழாய்கள் செங்குத்தாக நிற்கும். கூழ் மேலே ஊற்றப்பட்டு ஒவ்வொரு குழாயின் உள்சுவரிலும் வழிந்து இறங்கும். வெளியே நீராவி சூடாக்கும். கீழே வரும்போது கெட்டியாகியிருக்கும். நான் உச்சியில் மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயாக முனையை இறக்கி ஏற்ற வேண்டும். வெயில் தகரக் கூரையைக் காய்ச்சி, கூரை என்னைக் காய்ச்சியது.

மோசமான குழாய்களை அடைப்பது ஆலையின் ஃபிட்டருடைய வேலை. ஐம்பது வயதிருக்கும். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக்காரர், இரண்டு பஸ் மாறி வருவார். பதினோரு வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். இந்த சீசன் முடிந்ததும் பர்மனென்ட் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். லெட்டர் டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்திருப்பதை அவரே ஆபீஸில் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முதல் நாளே என்னிடம் சொன்னார். கேன்டீனில் டீ ஊற்றுபவரிடமும் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

நான் கம்பைநல்லூர் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "நம்ம பக்கத்துப் பொண்ணு லேப்டாப்ப வெச்சிக்கினு குழாய்க்குள்ள பாக்குதுங்க" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது பரவாயில்லை. அதைக் கேட்டு ஆலை மேனேஜரும், "பாப்பாவோட ரிப்போர்ட் எப்ப வரும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கத் தொடங்கினார். டிப்ளமோ முடித்து, பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கி, இந்த வேலைக்கு ஒரு பெண்ணை அனுப்புவதற்கே என் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள் நான். எனக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் மதியம் மூன்று குழாய்கள் மோசம் என்று முடிவு செய்தேன். இன்னும் ஓட்டை விழவில்லை, சுவர் மட்டும் மெலிந்து போயிருந்தது. துளைகள் எல்லாவற்றையும் வட்டமாகப் போட்ட வரைபடத்தில் அந்த மூன்றுக்கும் சிவப்பு வைத்தேன். பாய்லர் இருக்கும் பக்கம் முதல் வரிசை. வரிசைக்குள் இடமிருந்து வலமாக எண்ண வேண்டும். மேலே நின்று பாய்லரைப் பார்த்து எண்ணியது இது என்று ரிப்போர்ட்டின் முதல் தாளில் எழுதியிருந்தேன். வரைபடம் இரண்டாம் தாளில் இருந்தது. அவசரத்துக்கு அந்த ஒரு தாளை மட்டும் போட்டோ எடுத்து ஃபிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஒரு குழாயை அடைப்பதென்றால் இரண்டு முனையையும் அடைக்க வேண்டும். மேல் முனைகளில் நானே மார்க்கரால் வட்டம் போட்டுக் கொடுத்தேன், அவர் ஏறி வந்து அடைப்பு வைத்து வெல்டிங் அடித்தார். அப்போது என் உதவியாளர் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தார். மேலே நான் மட்டும்தான். ஃபிட்டர் அடுத்ததாகக் கீழே போய், ஆள் நுழையும் துவாரம் வழியாகத் தலையை உள்ளே விட்டு மல்லாந்து படுத்தார். துவாரம் பாய்லருக்கு எதிர்ப்பக்கம் என்பதால் அவர் தலை பாய்லர் பக்கம் இருந்தது. முகத்துக்கு மேலே நானூறு ஓட்டைகள். மேலே நின்ற எனக்கு இடது கைப்பக்கம் எதுவோ, அது கீழே படுத்திருந்த அவருக்கு வலது கைப்பக்கம். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவர் விவரமானவர். மூன்று மேல் முனைகளையும் அடைப்பதற்கு முன்பே அவருக்கு வெளிச்சம் வேண்டும் என்று தோன்றியிருந்தால் வேலை சுலபம். மேலிருந்து ஒரு குழாயில் டார்ச் அடித்தால், கீழே அந்த ஒரு ஓட்டையில் மட்டும் வெளிச்சம் விழும். மேலே அடைத்த பிறகு அதுவும் முடியாது. ஆனால் பக்கத்துக் குழாயில் அடிக்கலாமே. அதைத்தான் அவர் கேட்டார். நானூறு குழாய் வழியாகவும் அவர் குரல் ஏறி வந்தது.

"பாப்பா, பக்கத்துக் குழாய்ல கொஞ்சம் லைட்டு அடிங்க. ஒரு தபா சரி பாத்துக்கறேன்."

நான் அப்போது அடுத்த வரிசையில் முனையை விட்டிருந்தேன். கேபிள் நடுவில் சிக்கி வர மாட்டேன் என்றது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அதற்கு மேல் இந்தப் பாப்பா.

"மேப்ப பாத்துப் போடுங்கண்ணா. அதுக்குத்தானே அனுப்பியிருக்கேன்" என்று கத்தினேன்.

"சரிங்க" என்றார். சுத்தியல் சத்தமும் அதன் பின்னால் வெல்டிங் சத்தமும் கேட்டன. டார்ச் என் கால் பக்கத்திலேயே கிடந்தது. குனிந்து எடுத்து அடித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

அவர் தன் இடது கைப்பக்கமிருந்து எண்ணியிருந்தார். மூன்றில் ஒன்று வரிசையின் சரியான நடுவில் இருந்தது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அது நடுதான், அது தப்பித்தது. மற்ற இரண்டிலும், நான் மேலே அடைக்கச் சொன்ன குழாய் ஒன்று, அவர் கீழே அடைத்த குழாய் வேறு. தண்ணீர் நிரப்பிச் சோதித்தபோது எதுவும் ஒழுகவில்லை. ஓட்டையே இன்னும் விழவில்லையே, எப்படி ஒழுகும்? எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். அவர் எனக்கு ஒரு பை நிறைய மாங்காய் கொடுத்தார், ஊறுகாய் போடச் சொல்லி.

ஜூன் மாதம் போன் வந்தது. சுண்டிய கூழில் கறுப்புத் துகள்கள் வருகின்றன, வாங்கினவர்கள் டிரம் டிரம்மாகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார்கள். எந்திரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மேலே திறந்து கீழே அடைத்திருந்த இரண்டு குழாய்களுக்குள் கூழ் இறங்க வழியில்லாமல் நின்று, கருகிக் கட்டியாகி, உதிர்ந்து கொண்டிருந்திருக்கிறது. என்னையும் என் முதலாளியையும் வரச் சொன்னார்கள்.

மேனேஜர் அறையில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். ஃபிட்டர் கதவோரம் நின்றார். மேனேஜர் என் ரிப்போர்ட்டின் முதல் தாளை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"இங்க தெளிவா எழுதியிருக்காங்க. மேலிருந்து எண்ணினதுன்னு."

"அவருக்கு நான் ரெண்டாவது தாளைத்தான் அனுப்பினேன் சார். அதுல அந்த வரி இல்லை" என்றேன்.

"முழு ரிப்போர்ட் ஆபீஸ்ல இருந்துச்சே மேடம். வந்து கேட்டிருக்கணும்" என்றார். பாப்பாவாக இருந்த நான் அன்றைக்கு மேடம் ஆகியிருந்தேன். என் முதலாளி மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினார். பிறகு மேனேஜர் ஃபிட்டர் பக்கம் திரும்பினார்.

"பதினோரு வருசமா இதே வேலைதானே செய்யறீங்க? லைட் அடிச்சுப் பாக்கணும்னு தெரியாதா? மேல யாரும் இல்லையா?"

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் சொன்னார்.

"மேல யாரும் இல்லீங்க சார். நானும் கேக்கலீங்க."

அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல? நான் மேலே இருந்தேன் என்றால் அவர் பொய் சொன்னவராகிறார். வேலை தெரியாதவர் என்ற பேரோடு பொய்யர் என்ற பேரும் அவருக்குச் சேரும். இதெல்லாம் ஒரு நொடியில் யோசித்தேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த நொடியில் முதலில் வந்தது அது இல்லை. நிம்மதி வந்தது. தப்பித்தோம் என்று உடம்பு லேசானது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வெளியே எடைமேடை பக்கத்தில் அவரைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மாங்காய் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவர் என்னைப் பார்க்காமல் லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சொன்னா மட்டும் எனக்கு லெட்டர் குடுத்துடுவாங்களா மேடம்?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. அன்று சாயங்காலமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன். வெளிச்சம் கேட்டார், நான் அடிக்கவில்லை என்று நேராகவே எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் நல்ல மனசு புரிகிறது, ஆனால் சம்பந்தப்பட்டவரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுவிட்டார், விஷயம் முடிந்தது என்றிருந்தது. என் முதலாளியிடம் போய் நின்றேன். "அந்த ஆளே விட்டுட்டாரு, நீ ஏன் தோண்டற?" என்றார். அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு ஆலைக்கு அனுப்பினார். போனேன். போய் நூற்றுக்கணக்கான குழாய்களில் முனையை விட்டு இழுத்தேன். புள்ளி துள்ளியபோதெல்லாம் கோணம் பார்த்து எழுதினேன். ஒன்றும் தப்பவில்லை. என் ரிப்போர்ட் எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

ஐப்பசி வாக்கில் ஃபிட்டரின் எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது. எடுத்தால் பெண் குரல். அவர் மனைவி. கணவர் இப்போது ஊரில் ஒரு கிரில் கடையில் தினக்கூலிக்கு வெல்டிங் அடிப்பதாகச் சொன்னார்.

"இவரு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு மேடம். பதினோரு வருசம் ஒரு குத்தம் சொல்ல முடியாம செஞ்ச ஆளு. இதுல மட்டும் எப்பிடிங்க தப்புனாரு? நீங்க அன்னிக்கி கூட இருந்தீங்களாமே. நீங்களாவது சொல்லுங்க."

"அவர் மேல தப்பு இல்லீங்கக்கா" என்றேன்.

"அப்ப யாரு மேலங்க?"

அவர் மனைவி அவசரப்படாமல் காத்திருந்தார். பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது. நான்தான் என்று சொல்ல இரண்டு நொடி போதும். சொல்லப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஃபிட்டரின் குரல், "குடு இங்க" என்றது.

"மேடம், பஸ்ஸு வந்துடுச்சு. வெச்சிடறேங்க" என்றார் அவர். வீட்டுக்குள் இருந்துகொண்டு.

நான் திரும்பக் கூப்பிடவில்லை.