கன்னத்து நீலம்

அந்தப் படக்கதை ஆபீசில் அவளுக்குப் பெயரே ‘கலர் அக்கா’தான். முதலாளி முதல் டீ கொண்டுவருகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஓவியர் கோடு போட்டுக் கொடுப்பார். கம்ப்யூட்டரில் அதற்கு வண்ணம் போடுகிறவள் அவள். அவர்களுடைய சூப்பர் ஹீரோ பாறைக்கையனின் பச்சை உடுப்பு, அவன் குத்தில் பறக்கும் வில்லன்களின் பற்கள், பற்றியெரியும் கட்டடங்கள், எல்லாம் அவள் கைவண்ணம். வாரம் முழுக்க ரத்தத்தில் புழங்குகிறவள், வீட்டில் ஒரு கரப்பான்பூச்சியைக் கண்டால் அலறிக்கொண்டு ஓடுவாள், அது வேறு கதை.

ஆசிரியருக்கு ஒரு சட்டம் உண்டு. அடிபட்டால் வில்லனுக்கு ரத்தம் வரலாம், கூட்டாளிக்கு வீங்கலாம். பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாது. கட்டடமே தலையில் விழுந்தாலும் நாயகியின் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும். “பொம்பளை முகம் கெட்டா புத்தகத்தை யாரும்மா வாங்குவா?” என்பார். இவளும் இத்தனை வருஷமாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த இதழில் பாறைக்கையனே நாயகியை அறைகிறான். உலகத்தைக் காப்பாற்றிக் களைத்து வந்தவனை அவள் ஏதோ கேள்வி கேட்டுவிட்டாளாம். “ஹீரோன்னா ஒரு குறை இருக்கணும்க்கா, அப்பதான் மனுஷனாத் தெரிவான்,” என்றார் கதை எழுதுகிறவர். கடைசிப் பக்கத்தில் அவன் மன்னிப்புக் கேட்பான், அவள் அவன் தோளில் சாய்ந்து சிரிப்பாள், முற்றும். நல்ல கதை போங்கள்!

கலர் அக்கா வீட்டில் அப்போது அவள் தங்கை வந்து தங்கியிருந்தாள். தங்கை வீட்டுக்காரர் கை நீட்டுகிறவர். நீட்டிய பிறகு அழுகிறவர். இந்தத் தடவையும் போனில் அழுதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வருகிறார். தங்கையும் துணிமணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். “நல்லவர்தான்க்கா. கோபம் ஒண்ணுதான்.” போகாதே என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. பிரித்துவைத்த பாவம் நம் தலையில் விழுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

அன்று காலை தங்கையின் கன்னத்துக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் பாறைக்கையன் அறைகிற கட்டம். கை பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனது. முதலில் நாலு விரலும் தெரிகிற சிவப்பு, அடுத்த கட்டத்தில் ஓரத்தில் நீலம், அதற்கடுத்ததில் கண்ணுக்குக் கீழே வீக்கம். பிரஸ்ஸுக்கு அனுப்பிய பிறகும் தான் செய்தது அவளுக்கு உறைக்கவில்லை.

பிரஸ்ஸில் பதினாறு பதினாறு பக்கங்களாக அடிப்பார்கள். முதல் பதினாறு அச்சாகி வந்து மேஜையில் விரிந்தபோதுதான் ஆசிரியர் பார்த்தார். எகிறிக் குதித்தார்.

“யாரைக் கேட்டும்மா இப்படிப் போட்டே?”

“அறைஞ்சா அப்படித்தான் சார் ஆகும்.”

“சரி, அது தொலையட்டும். மிச்சப் பக்கத்துலயாவது துடைச்சு எடு.”

“போன வருஷம் வில்லனோட காயக்கட்டு வலது கையிலேர்ந்து இடது கைக்குத் தாவினதுக்கே மானம் போச்சுன்னு நீங்கதானே சார் கத்தினீங்க? காயம் பாதியில காணாமப் போனா வாசகருங்க சும்மா விடுவாங்களா?”

ஆசிரியர் அச்சான தாள்களை மடித்துத் தள்ளிவைத்தார். முதலிலிருந்து அச்சடிக்கவும் நேரமில்லை. ஆக, நீலம் பக்கம் பக்கமாகக் கூடவே வந்தது. கடைசிப் பக்கத்தில்தான் வந்தது வினை. கன்றிப்போன கன்னத்தோடு, அறைந்தவன் தோளிலேயே சாய்ந்து பல் தெரியச் சிரிக்கிறாள் நாயகி!

“ஐயோ, பார்க்கவே சகிக்கலையேக்கா,” என்றார் கதை எழுதுகிறவர். அதை எழுதினவரே அவர்தான். ஆனால் அன்றுதான் அவருக்கும் வலித்தது.

ஓவியரைக் கூப்பிட்டு இருவரையும் தள்ளித் தள்ளி நிற்கவைத்தார்கள். பாறைக்கையன் தலையைத் தொங்கப்போட்டு மன்னிப்புக் கேட்கிறான். நாயகியின் வசனம் வர வேண்டிய பலூன் மட்டும் காலியாக நின்றது. “இவ என்ன சொல்லுவான்னு எனக்கு வரவே மாட்டேங்குதுக்கா. நீங்க யோசிச்சுட்டு வாங்க,” என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டார் கதை எழுதுகிறவர்.

கலர் அக்காவுக்கும் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கையின் முன்னால் தாளை வைத்தாள்.

“இதுல இவ என்னடி சொல்லுவா?”

தங்கை அந்தக் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “மன்னிச்சிட்டேன், ஆனா வரமாட்டேன்னு சொல்லுவா.”

சொன்னவளே திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “ரெண்டையும் சேர்த்துச் சொல்லலாமாக்கா?”

“தாராளமா சொல்லலாம்டி.” அத்தனை நாள் விழுங்கியது அப்போதுதான் வெளியே வந்தது. “போகாதடி. இது உன் வீடு.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை அவர் வரட்டும். நானே சொல்லிக்கிறேன். நீ பக்கத்துல நில்லு, போதும்.”