ஸ்டெல்லா அக்காவின் சீட்டு

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல எழுந்து நிற்கிறேன். அதற்கு முன் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் எஸ்தர். காரைக்குடி செக்காலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் ஒரே மகன் டேனி உக்ரைனில் டாக்டருக்குப் படித்தான். நம் சபை ஸ்டெல்லா அக்காவின் மகன் ஜெபினும் அதே காலேஜ்தான். போர் தொடங்கிய வாரம் டேனி போன் செய்தான். "பங்கர்ல இருக்கோம்மா, சார்ஜ் இல்ல, வைக்கிறேன்." அதன்பிறகு மூன்று நாள் ஆகியும் போன் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வழக்கம்போலச் சீட்டு எடுத்தோம். அவரவர் குறையை எழுதித் தட்டில் போடுவோம். யார் சீட்டு கைக்கு வருகிறதோ, அவர்களுக்காக ஒரு வாரம் முழங்காலில் நிற்க வேண்டும். எடுத்தது யார் என்று வெளியே சொல்லக் கூடாது. எனக்கு வந்தது ஜெபின் பெயர்.

நான் ஜெபிக்கவில்லை. அக்காவுக்கு மச்சு வீடு, டெல்லியில் பெரிய வேலையில் தம்பி. எனக்கு டேனியை விட்டால் யார்? ஆண்டவர் செய்யும் உதவியில் அவர்களுக்கு நான் ஏன் பங்கு கேட்க வேண்டும்? சீட்டை மெஷின் டிராயரில் போட்டு மூடினேன்.

அடுத்த வாரமே ஜெபின் வந்துவிட்டான். டேனியைப் பற்றி அப்போதும் தகவல் இல்லை. வயிறு எரிந்தது. ஞாயிறு ஆராதனையில் அக்கா எல்லாருக்கும் தேன்குழல் கொடுத்தார்கள். என் பங்கை வாயில் வைக்க மனமில்லை. பிறகு முன்னால் வந்து நின்றார்கள்.

"என் பையன் சீட்டு எந்தச் சகோதரிக்கு வந்துச்சோ தெரியல. அவுக ஜெபந்தான் அவனைக் கூட்டியாந்துச்சு. நல்லா இருப்பீக. இனி எஸ்தர் மகன் வார வரைக்கும் நான் மத்தியானச் சோறு திங்க மாட்டேன்."



வீட்டுக்கு வந்து சீட்டை வெளியே எடுத்தேன். "ஜெபினைக் கொண்டுவந்ததுக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்று சொல்ல அரை மணி நேரம் ஆனது. சொன்ன பிறகுதான் டேனிக்காக அழ முடிந்தது.

புதன்கிழமை போன் வந்தது. "எல்லை தாண்டிட்டேம்மா." சனிக்கிழமை காலை காரைக்குடி ஸ்டேஷனில் அவனைக் கட்டிக்கொண்டேன். அப்போதும், ஜெபின் இவ்வளவு இளைக்கவில்லையே என்றது மனசு. பொறாமை ஒரே நாளில் போகிற வியாதி இல்லை.

இப்போதெல்லாம் என் கண்ணை உறுத்துகிறவர்களின் சீட்டு வரட்டும் என்று கேட்டே கையை நீட்டுகிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். நம் மனசு இப்படி இருந்தும் அவர் கைவிடவில்லை.

அக்கா, நீங்கள் நன்றி சொன்ன அந்தச் சகோதரி நான்தான். இதோ சீட்டு. என் பிள்ளைக்காக ஆறு மத்தியானம் பட்டினி கிடந்தீர்கள். உங்கள் பிள்ளைக்காக நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.