சம்பலில் சீனி

மலேசியாவில் லாபு தோட்டப் பள்ளியில் நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது என் வகுப்பாசிரியை என் அம்மாதான். பள்ளிக்குள் அவரை டீச்சர் என்றே கூப்பிட வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. வீட்டுக்கு வந்துவிட்டால் அவர் எனக்கு மட்டும் அம்மா. மாமா மகள் மந்தின் ஊரிலிருந்து வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது.

மாமி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. லாரி ஓட்டும் மாமாவால் பிள்ளையைத் தனியே விட்டுப் போக முடியவில்லை. அவளுக்கும் என் வயதுதான், என் வகுப்பிலேயே சேர்த்தார்கள். வந்த வாரமே என் கட்டிலில் பாதியும் அம்மாவின் காரில் முன்சீட்டும் அவளுக்குப் போய்விட்டன. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றுமாம். எனக்கும் சுற்றியது, யாரும் நம்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா எங்களுக்கு விமர்சனம் எழுதக் கற்றுக்கொடுத்தார்.

"கேண்டின் மீ நூடுல்ஸ்ல முட்டை போட்டிருக்கு. இது உண்மை, யார் பார்த்தாலும் தெரியும். மீ நல்லா இருக்கு. இது உங்க கருத்து. ரெண்டும் கலந்து வரணும். சாப்பிட்ட ஏதாச்சும் ஒண்ணப் பத்தி எழுதிட்டு வாங்க."

சிரம்பானில் சாப்பிட்ட பீசாவை உலகத்திலேயே சிறந்தது என்று எழுதினேன். அம்மா ஓரத்தில் சிவப்பு மையால் 'ஏன்?' என்று மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மாமா மகள் எழுதியதை மட்டும் வகுப்பில் வாசித்தார். "அத்தை செய்யும் நெத்திலி சம்பலில் மிளகாயும் வெங்காயமும் புளியும் இருக்கும். நெத்திலி மொறுமொறுப்பாக இருக்கும். எனக்குப் பிடிக்கும். ஆனால் அத்தை சீனி போடமாட்டார். என் அம்மா போடுவார். அதுதான் இன்னும் நன்றாக இருக்கும்."

அம்மாவின் சமையலையே குறை சொல்லிவிட்டாள்! இன்று வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மாவோ அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தார். பிறகு, "இதுதான் விமர்சனம். எல்லாரும் கைதட்டுங்க" என்றார். நான் பென்சில் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அடுப்பில் சம்பல் கொதித்தது. அம்மா சீனி டப்பாவோடு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"உங்கம்மா எவ்ளோ போடுவாங்க?"

"தெரியல அத்தை. நான் பாத்ததில்ல."

"சரி, கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பாப்போம்லா. நீ ருசி பாத்துச் சொல்லு."

ஒவ்வொரு தடவையும் ஊதி ஊதி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் நக்கிப் பார்த்து, இல்லை என்றாள்.

வாசலில் நின்றிருந்த நான், "ம்மா, எனக்குச் சீனி போட்ட சம்பல் பிடிக்காது" என்றேன்.

"உனக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன்டி" என்றார், திரும்பாமலே. தனியாக எடுத்து வைத்திருந்ததில் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

மறுபடி நக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "இதேதான் அத்தை" என்றாள். சொன்ன கையோடு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவள் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

என் அம்மாவைப் பிடித்துக்கொள்ளத்தான் இந்த நடிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ருசி வரவில்லை என்றால் அழலாம். சரியாக வந்துவிட்டதற்கு யாராவது அழுவார்களா?