கொழும்பில் பையை எங்கே வைப்பது

கொழும்புக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அறிவுரை சொல்ல வந்துவிட்டார்கள். பாதிப்பேர் பதுளையைத் தாண்டாதவர்கள். அதனாலேயே அடித்துச் சொன்னார்கள். காசைக் கையில் கொண்டு திரியாதே, பிளேடு போட்டுவிடுவான். அறையில் வைத்துவிட்டும் போகாதே, கள்ளச்சாவி போட்டுவிடுவான். சிரிக்கிறவனை நம்பாதே. கட்டடத்தை அண்ணாந்து பார்க்காதே.

என் அப்பா எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

என் பாஸ்போர்ட் வேலை காலையிலேயே முடிந்தது. பதுளை பஸ் இரவில்தான். நடுவில் கிடைத்த மத்தியானம் அம்மாவுடையது. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவள், கடலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள். இதை விட்டால் இன்னொரு தடவை வாய்க்காது. கொள்ளுப்பிட்டியில் நாங்கள் எடுத்திருந்த லொட்ஜ் அறைக்குக் கடல் கூப்பிடு தூரம்.

அப்பாவோ பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே காசு, அடையாள அட்டைகள், என் பாஸ்போர்ட். கொண்டுபோகவும் கூடாது, வைத்துவிட்டுப் போகவும் கூடாது. ஆகவே பையோடு அறைக்குள் இருந்தே கொழும்பைச் சுற்றிப் பார்ப்பதுதான் பாதுகாப்பு என்றார். நானும் அம்மாவும் போய் வருகிறோம் என்றேன். பிரிந்து போகக் கூடாது என்பதும் அறிவுரைகளில் இருந்ததாம். அம்மா நல்ல சேலை கட்டி, செருப்பையும் மாட்டிக்கொண்டு வெகுநேரம் கதவருகே நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது பக்கத்துக் கட்டடத்தில் சைரன் அடித்தது.

எங்கள் லயம் மண்சரிவு அபாயப் பகுதியில் இருக்கிறது. மழை கூடினால் சைரன் ஊதும். ஊதினால் பத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு மலை இல்லாத பக்கமாக ஓட வேண்டும். மீரியபெத்த என்ற தோட்டம் ஆட்களோடு மண்ணுக்குள் போன பிறகு இதை எங்களுக்கு யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. அப்பா பையோடு பாய்ந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. மழையே இல்லையே என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது வெறும் தீயணைப்புப் பயிற்சி என்று லொட்ஜ்காரர் பின்னால் கத்தியபோது நாங்கள் தெருமுனைக்குப் போய்விட்டோம். அப்பாவின் காதில் அது ஏறவில்லை.

அங்கே அப்பா திகைத்தார். திரும்பிய பக்கமெல்லாம் மலை மாதிரிக் கட்டடங்கள். ஒரு பக்கம் மட்டும் வெறும் வானம் தெரிந்தது. அந்தப் பக்கம் ஓடினார். ரயில் தண்டவாளத்தைக் கடந்ததும் ஓட இடமில்லை, எதிரே கடல்.

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அலையில் போய் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பா மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீரையும் பின்னாலிருந்த வீடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது பொங்குனா இவங்கல்லாம் எங்க ஓடுவாங்க?"

"நம்ம லயத்துக்கு வரச் சொல்லுங்க," என்றாள் அம்மா. "அம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணி வராது."

அப்பா பையை அணைத்தபடி யோசித்தார்.

"வரட்டும். மழை இல்லாத நாளாப் பாத்து வரட்டும்."