ரிப்போர்ட்டில் வராத மாப்பிள்ளை

என் கணவரை நான் முறைகேடாகத்தான் அடைந்தேன்.

எந்தப் பெண் வீட்டாரின் கண்ணிலும் படாமல் ஒன்றரை வருடம் அவரை மறைத்துவைத்து, பிறகு நானே கட்டிக்கொண்டேன். இன்றுவரை இது அவருக்குத் தெரியாது. என் மாமியாருக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்!

முழு ஆளை எப்படி மறைப்பது என்று கேட்கிறீர்களா? மிக எளிது... ஒரே ஒரு வரி போதும்.

காரைக்காலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்க்கிறேன். நடத்துபவர், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி பென்ஷன் வாங்கியவரின் மனைவி. கணவர் காலமாகிவிட்டார். ஊரே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். நான் சேரும்வரை அங்கே இருந்தவை தடித்த ஆல்பங்களும், நூல் கட்டிய கோப்புகளும்தான். ஒரு வரனைத் தேடி எடுப்பதற்குள் வந்தவர்கள் இரண்டு தடவை டீ குடித்துவிடுவார்கள்.

அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான். மணமகன்கள் ஓர் அட்டவணையில், மணமகள்கள் ஓர் அட்டவணையில், நட்சத்திரமும் ராசியும் தனியே, குடும்ப விவரம் தனியே... சிதறிக் கிடக்கும் இவற்றைப் பதிவு எண்ணால் முடிச்சுப் போட்டு, யாருக்கு யார் பொருத்தம் என்று வடிகட்டி, ஓர் அழகான பக்கமாகத் தாளில் இறக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குத்தான் ரிப்போர்ட் என்று பெயர்.

அதில் நான் அடைந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்! புகைப்படம் இழுபடாமல் நிற்க வேண்டும். முகவரி பாதியில் அறுந்து அடுத்த பக்கத்துக்கு ஓடக்கூடாது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் விழக்கூடாது. ‘பிரெஞ்சு குடியுரிமை’ என்ற வரி தடித்த எழுத்தில் வரவேண்டும். அது மதாமின் கட்டளை. "முதல்ல எல்லாரும் அதைத்தான்டி படிப்பாங்க" என்பார்.

எல்லாம் சரியாக அமைந்து சூடான தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது, சுட்ட முறுக்கைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பேன். வந்தவர்களோ புகைப்படத்தைப் பார்ப்பார்கள், சம்பளத்தைப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டை யார் பார்த்தார்கள்?

ஒருவர் பார்த்தார்.

ராசிக் கட்டத்தைப் புதிதாக வடிவமைத்திருந்த சமயம். பன்னிரண்டு கட்டங்கள், நடுவில் பெயர். ஒரு மத்தியானம், சட்டைப் பையில் பேனா குத்திய ஓர் இளைஞர் மாடியேறி வந்தார். கையில் நான் அடித்த ரிப்போர்ட்.

"எ... எங்கம்மா அனுப்புனாங்க. இதுல ச... சனி கட்டம் மாறியிருக்குங்க."

"கம்ப்யூட்டர் போட்டதுங்க. மாறாது" என்றேன், நிமிராமலே.

அவர் பழைய ஜாதகத்தை மேசையில் விரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சனி மட்டுமா... எல்லாக் கிரகங்களும் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தன! எனக்கு முகம் சுட்டது.

அவர் சிரித்தார். "ப... பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாரு போலங்க. கூ... கூப்பிட்டு வந்து விடுங்க."

நானும் சிரித்துவிட்டேன். பிழையைத் திருத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பெயர் குமரன், ஊர் குறும்பகரம், கால்நடை மருந்தகத்தில் அரசு வேலை. தன் பெயரைச் சொல்லத்தான் அவர் அதிகம் சிரமப்பட்டார். ‘கு’வில் நின்று, கண்ணை மூடி, ஒரு படி தாண்டுவதுபோல் தாண்டினார். புதிய தாள் வந்ததும் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"க... கண்ணுக்கு இதமா இருக்குங்க. சுத்தி நல்லா எ... எடம் விட்டிருக்கீங்க."

உங்களுக்குப் புரிகிறதா? ஓரத்தில் நான் விட்ட வெற்றிடத்தைப் பாராட்டினார்! மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, வரிகளுக்கு நடுவே மூச்சு விடும் இடைவெளி... இவற்றுக்காக நான் எத்தனை நாள் மல்லுக்கட்டினேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும். அந்த நிமிடமே விழுந்தேன்.

மறுவாரம் நெடுங்காட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகள் பள்ளி ஆசிரியை.

"நல்ல பையனா பாத்துக் குடும்மா. வெளியூர் வேணாம், இங்கயே கண்ணு முன்னால இருந்தாப் போதும்" என்றார்.

பட்டியல் திரையில் வந்தது. முதல் பெயர், குமரன். பொருத்தம் அத்தனையும் சரியாக இருந்தது.

"ஒரு நிமிஷம்மா... பிரிண்டர் மக்கர் பண்ணுது."

பிரிண்டர் சமர்த்தாகத்தான் இருந்தது. மக்கர் செய்தவள் நான்! எல்லா ரிப்போர்ட்டுகளுக்கும் ஆதாரமான கேள்வி ஒன்று உண்டு. கம்ப்யூட்டரிடம் யாரை யாரோடு சேர்க்கச் சொல்கிறோம் என்பது அதில்தான் இருக்கும். அதன் அடியில் ஒரு வரி எழுதினேன். ‘இந்தப் பதிவு எண் உள்ளவரைத் தவிர்.’ அவ்வளவே. அந்த அம்மா வாங்கிச் சென்ற தாளில் குமரன் இல்லை. அடுத்து வந்தவர்களின் தாளிலும் இல்லை. அவர் வீட்டாருக்கு எடுத்த தாளிலோ எந்தப் பெண்ணும் இல்லை.

இந்த ஒரு தடவை மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் மட்டும். அந்த மாதம் மட்டும்...

நேராக அவரிடமே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்! அவர் மாட்டேன் என்றுவிட்டால்? தைரியம் வரட்டும், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினேன். எனக்கு அவகாசம் வேண்டியிருந்தது. அந்த அவகாசத்தை அவருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அவருடைய அம்மா மாதம் தவறாமல் வருவார். படியேறிய களைப்புக்கு நான் தண்ணீர் கொடுப்பேன். ஒரு பெண்ணின் பெயரும் இல்லாத தாளையும் நானே கொடுப்பேன்.

"கவர்மெண்டு வேலை, குடி கிடையாது, சிகரெட்டு கிடையாது. எம்புள்ளைக்கு ஒரு எடம்கூட வரலயே மதாம்!"

"கம்ப்யூட்டரே இல்லைங்குதும்மா, நான் என்ன பண்ணுவேன்?" என்பார் மதாம்.

சனிக்கிழமைதோறும் அந்த அம்மா திருநள்ளாற்றுக்கு வந்து எள் விளக்கு ஏற்றினார். எங்கள் வீடு திருநள்ளாற்றில்தான். கோயில் வாசலில் அவரைக் காணும்போதெல்லாம் பூக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பழியைச் சுமந்தவர் சனி பகவான். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை!

பிறகு அந்த நாள் வந்தது. குமரன் தனியாக வந்து மதாமின் எதிரில் உட்கார்ந்தார். திக்குவாய் முன்பைவிட மோசமாகியிருந்தது.

"ம... மதாம், ஒ... ஒண்ணு கேக்கணும். என் பேச்சு பத்தி அ... அதுல எழுதியிருக்கீங்களா?"

"இல்லப்பா! அதையெல்லாம் யாரு எழுதுவா?"

"அ... அப்ப ஏன் மதாம், ஒருத்தர்கூட..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. திக்கியதால் நின்றதா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அன்றே அந்த வரியை அழித்திருக்க வேண்டும். மனசாட்சி உள்ள எவளும் அழித்திருப்பாள். அழித்தேனா?

வீட்டுக்குப் போய், "அப்பா, எங்க மையத்துல என் ஜாதகத்தையும் போடட்டுமா?" என்று கேட்டேன்.

அப்பா ஒரு சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறார். சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார். "இத்தன நாளா நான் கெஞ்சுனப்ப எங்கம்மா போச்சு இந்தப் புத்தி? போடு, இன்னைக்கே போடு!"

போட்டேன். அந்த ஒரு வரியை இரண்டு வரியாக்கினேன். ‘இந்தப் பதிவு எண் உள்ளவரைத் தவிர். இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் காட்டு.’

பொருத்தம் பத்துக்கு ஆறுதான் வந்தது. அந்த எண்ணில் நான் கை வைக்கவில்லை. ஓர் ஆளையே மறைத்தவள், ரிப்போர்ட்டில் பொய்க் கணக்குக் காட்ட மாட்டாளாம்! சிரிக்காதீர்கள்... அன்று அது எனக்குப் பெரிய நேர்மையாகத் தெரிந்தது.

அடுத்த முறை அவர் அம்மா வந்தபோது தாளில் ஒரே ஒரு வரன் இருந்தது. மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"அப்பாடா, ஒண்ணு வந்துருச்சு! ஊரு திருநள்ளாறு... தகப்பனாருக்கு லாட்ஜு... பொண்ணு வேலை பாக்குறது திருமணத் தகவல்... அடியே! சுகன்யா! இது நீயில்ல?"

அந்த அம்மா என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட ஆண்டவனே! இத்தன நாளா எனக்குத் தண்ணி மொண்டு குடுத்துக்கிட்டு இங்கயேதான உக்காந்திருந்துச்சு!"

சாயங்காலமே குமரனிடமிருந்து போன்.

"உ... உங்களுக்கு நெசமாவே சம்மதமாங்க? என் பே... பேச்சு..."

"உங்க பேச்சுக்குத்தாங்க சம்மதம்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே என் ஆயுளை ஓட்டிவிடலாம்.

கல்யாணம் குறும்பகரத்தில், அறுவடை முடிந்த கையோடு. மதாம் பட்டுப் புடவையில் மேடையேறி, பிரெஞ்சுக்காரர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட, முன்வரிசைப் பெரியவர்கள் நெளிந்தார்கள், பின்வரிசையில் விசில் பறந்தது. இவர் சிவந்துபோய் நின்றார். என்ன ஒரு நாள் அது!

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, மதாம் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் அந்த இரண்டு வரிகளையும் அழித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை... அவருடைய எண்ணைக் கொடுத்து, அந்த ஒன்றரை வருடத்துக்கும் சேர்த்து ஒரு ரிப்போர்ட் எடுத்தேன்.

பிரிண்டர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

பெண்கள், பெண்கள், பெண்கள்! படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், என்னைவிட நல்ல பொருத்தம் உள்ளவர்கள். ஒருத்திக்குப் பிரெஞ்சு குடியுரிமை, தடித்த எழுத்தில்! எல்லோரும் கேட்ட தகுதிகளுக்குள் இவர் கச்சிதமாகப் பொருந்தியிருந்தார். எத்தனை பக்கம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பக்கமும் சுற்றிலும் அழகாக இடம் விட்டு வந்தது. அத்தனையையும் கிழித்தேன்.

நெடுங்காட்டு ஆசிரியைக்கு வேறிடத்தில் திருமணமாகிவிட்டது. நன்றாக இருக்கிறாளா? விசாரிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன்... மிக மிக நன்றாக இருக்கிறோம்! மகளுக்கு மூன்று வயது. அவர் சமைக்கும் மீன் குழம்புக்கு அப்பா திருநள்ளாற்றிலிருந்து புறப்பட்டு வந்துவிடுவார். மாமியார் என்னை, பகவான் பார்த்துக் கொடுத்த மருமகள் என்று ஊரெல்லாம் சொல்கிறார். மருந்தக முகாம்களில் இவர் மைக் பிடித்து விவசாயிகளிடம் பேசுகிறார். திக்கும், நிற்பார், தாண்டுவார். யாரும் சிரிப்பதில்லை, அவர் சிரிக்கவைக்கும்போது தவிர.

போன ஞாயிறு மாலை கடற்கரைக்குப் போயிருந்தோம். காலையில் முகாம் முடித்து வந்த உற்சாகம் அவருக்கு. ஈர மணலில் காலை நீட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்:

"அப்பல்லாம் ஊ... ஊர்ல ஒருத்திக்குக்கூட நான் வேணாம். நீ ஒருத்திதான் என்னப் பாத்த. அத நெனச்சாத்தான் எனக்கு மை... மைக்கப் புடிக்கவே தைரியம் வருது சுகன்யா."

கேட்டீர்களா!

அவர் வேண்டாதவராக ஒருநாளும் இருந்ததில்லை. அது எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால், நான் பறித்துக்கொண்ட ஒன்று அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நிற்கிறாரோ, அது போய்விடும். சொல்லாமல் இருப்பது அவருக்காகவா, எனக்காகவா? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்... வரும் பதிலை நான் நம்புவதில்லை.

அன்று துணிந்துவிட்டேன். "என்னங்க..." என்றேன்.

"சொல்லு."

"அப்ப... அந்த ரிப்போர்ட்டுல..."

"அப்பா! என் செருப்பு!" என்று மகள் கத்தினாள். அலை அவளுடைய ஒற்றைச் செருப்பை இழுத்துக்கொண்டு போனது. இவர் பேன்ட்டைக்கூட மடிக்காமல் பாய்ந்தார். விழுந்தார், எழுந்தார், அடுத்த அலையில் மறுபடி விழுந்தார். தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட, செருப்பை வெற்றிக் கோப்பைபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மகள் கைதட்டிக் குதித்தாள். நான் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

அவர் மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்து, "எ... என்னமோ சொல்ல வந்தியே?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. தல தொவட்டிக்குங்க" என்று முந்தானையை நீட்டினேன்.